குன்றின் மேல் எத்தனை பேர்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. இங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் போர் வரலாறு நடத்துகிறேன். நம் இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்த பதினொரு நாள் போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். போர் முடிந்து இருபத்தாறு வருடமாகியும், இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் ஒரே மேசையில் வைத்து இதுவரை யாரும் எழுதவில்லை. உங்கள் முகவரியை உங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கம் கொடுத்தது.

நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எல்லைச் சாலையைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் குன்று. எங்கள் வரைபடத்தில் உயரம் 214 மீட்டர், உங்களுடையதில் 216. அதில்கூட நமக்கு ஒத்துப்போகவில்லை. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் எங்கள் பட்டாலியன் ஒன்று அதன் மேல் ஏறப் பார்த்து, அறுபத்தொரு பேரை இழந்து இறங்கியது. பத்தாம் நாள் மறுபடி ஏறச் சொல்லி உத்தரவு. ஏறவில்லை. பதினோராம் நாள் மாலை போர்நிறுத்தம்.

குன்றை நானூறு பேர் காத்தார்கள் என்று எங்கள் அதிகாரபூர்வ வரலாறு சொல்கிறது. அந்த நானூறு பேருக்கும் தலைமை தாங்கியவர் நீங்கள். அவர்களை எப்படிப் பிரித்து நிறுத்தினீர்கள், ஆயுதம் என்ன, உணவும் தண்ணீரும் எப்படி வந்தன என்று எழுதினால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
விரிவுரையாளர்


ஜனவரி 30

அம்மா,

உங்கள் கடிதத்தை வழியில் யாரோ பிரித்துப் படித்து அழகாக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் ஆளா எங்கள் ஆளா தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கும் என் வணக்கம்.

நானூறு பேரா? அத்தனை பேர் என்னிடம் இருந்திருந்தால் ஒன்பதாம் நாள் காலை நான் கீழே இறங்கிவந்து உங்கள் கர்னலின் கூடாரத்தில் டீ குடித்திருப்பேன். நாங்கள் முப்பத்தேழு பேர். சமையல்காரரையும் சேர்த்து.

மெஷின்கன் இரண்டுதான். பதுங்குகுழிகளுக்கு நடுவே இடுப்பளவு பள்ளம் வெட்டி, ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சுட்டதும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுவோம். கீழேயிருந்து பார்ப்பவனுக்கு நாலு, ஐந்து என்று தோன்றும். எங்கள் சமையல்காரர் பன்னிரண்டு இடத்தில் அடுப்பு மூட்டுவார். பதினொரு அடுப்பில் பாத்திரமே இருக்காது, வெறும் புகை. "சார், புகைக்கு உப்பு போடணுமா?" என்று என்னிடம் கேட்டார், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது.

இப்போது நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். கிளட்சை மெதுவாக விடச் சொல்லிக் காலையிலிருந்து மாலை வரை கத்துகிறேன். போர்க்களத்தில் நான் இவ்வளவு பயந்ததில்லை.

கேப்டன் (ஓய்வு)


பிப்ரவரி 19

கேப்டன் ஐயா,

பதிலுக்கு நன்றி. ஆனால் முப்பத்தேழு என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கள் கர்னல் பத்தாம் நாள் அதிகாலை அனுப்பிய செய்தியின் மூலப்பிரதி என் கையில் இருக்கிறது. "எதிரி நானூறு பேர், கூடுதல் படை வந்து சேர்ந்திருக்கிறது, இன்னொரு பட்டாலியன் இல்லாமல் ஏற இயலாது" என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் முப்பது வருடம் சேவை செய்தவர். முப்பத்தேழு பேரை நானூறாக எண்ணுகிற ஆள் இல்லை.

வெற்றி பெற்ற பக்கம் தன் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது எல்லாப் போரிலும் நடப்பதுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

விரிவுரையாளர்


ஏப்ரல் 22

அம்மா,

இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்தேன். போடவே கூடாது என்றுதான் இருந்தேன். பெயர்ப்பட்டியலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் நாள் மாலை ரேஷன் வாங்கியவர்களின் கையெழுத்து. எண்ணிப் பாருங்கள். சிலுவைக்குறி போட்டிருக்கும் பத்தொன்பது பேர் இப்போது இல்லை. பதினான்கு பேர் குன்றிலேயே, ஐந்து பேர் ஆஸ்பத்திரியில். குறிகளை நான்தான் போட்டேன், அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் சண்டை போடுவார்கள், தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஏதோ சொந்த வீட்டுக் காரியம்போல ஒரு சூடு தெரிகிறது. அந்தக் குன்றில் எத்தனை பேர் இருந்தால் உங்களுக்கு என்ன?

கேப்டன்


மே 14

ஐயா,

முப்பத்தேழு கையெழுத்து. மூன்று முறை எண்ணினேன். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்தக் கர்னல் என் அப்பா.

போர் முடிந்தபோது எனக்குப் பதினைந்து வயது. குன்றைப் பிடிக்காத கர்னலின் மகள் என்றுதான் பள்ளியில் என்னைத் தெரியும். அப்பாவுக்குக் கிடைக்கவேண்டிய பதவி உயர்வு அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போனது. அடுத்த வருடமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசினேன். மேலே நானூறு பேர் இருந்தார்கள், எந்தக் கர்னலாலும் முடிந்திருக்காது என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். இந்தத் துறைக்கு வந்ததே அதை அச்சில் ஏற்றுவதற்காகத்தான். இப்போது நீங்கள் நானூறை முப்பத்தேழு ஆக்கிவிட்டீர்கள். முழு பட்டாலியனை வைத்துக்கொண்டு முப்பத்தேழு பேரிடம் தோற்றவரின் மகள் நான் என்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒன்பதாம் நாள் மதியம் இரண்டு மணி நேரம் எங்கள் பீரங்கிகள் ஓய்ந்தன. எங்களிடம் குண்டு தீர்ந்துபோனது என்று உங்கள் நாட்டுப் புத்தகங்கள் எழுதுகின்றன. ஆவணக் காப்பகத்தில் தகரப்பெட்டிக்குள் அந்தப் பீரங்கிப் பிரிவின் பதிவேடு கிடைத்தது. "2.10. நிறுத்தம். கர்னல் உத்தரவு. கையிருப்பு 312." முந்நூற்றுப் பன்னிரண்டு குண்டு கையில் இருக்கும்போது ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?


ஜூன் 2

அம்மா,

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பாவின் குண்டில் போனவர்களைப் பற்றி, சமையல்காரர் அடித்த ஜோக்கைப் பற்றியெல்லாம் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். உயிரோடுதானே இருக்கிறார்?

கேப்டன்


ஜூன் 25

ஐயா,

நீங்கள் கோபித்தது நியாயம். நீங்கள் சொன்னபடியே கேட்டேன்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கால் வீங்குகிறது, காது மந்தம், மற்றபடி தெளிவாக இருக்கிறார். பதிவேட்டின் நகலையும் உங்கள் பட்டியலையும் மருந்துப் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு அவர் மேசையில் வைத்தேன். பட்டியலைக் கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே வரை படித்தார். பிறகு சொன்னார்: "முப்பத்தேழா? நான் முப்பதுன்னு கணக்குப் போட்டிருந்தேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஐயா.

அவர் பேசியதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"முதல் ரெண்டு தடவை நல்லா ஏமாந்தேன். அஞ்சு மெஷின்கன்னு நினைச்சேன். புகையைப் பார்த்துட்டு நானூறு பேருன்னு நானே நம்பினேன். ஒன்பதாம் நாள் மதியம் பைனாகுலர்ல பார்க்கிறேன், குன்றோட கழுத்துப் பக்கம், மறைவே இல்லாத இடத்துல, ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டுப் போறாங்க. அடிபட்டவன் மேல என்னத்தைச் சுடறது? நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினப்புறம்தான் நிதானமாப் பார்த்தேன். பதினோரு ஸ்ட்ரெச்சர் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே பேரு. அதுல தலையில வெள்ளைத்துணி கட்டின ஒருத்தன், ஒரே ஆளு, நாலு தடவை தூக்கிட்டுப் போறான். இறக்கி வச்சிட்டு ஓடி வர்றான், மறுபடி தூக்கறான். நானூறு பேர் இருக்கிற இடத்துல மண்டை உடைஞ்சவனை எவன் ஸ்ட்ரெச்சர் தூக்க விடுவான்? அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஆளே இல்லைன்னு."

"அப்புறம் ஏன் நானூறுன்னு எழுதினீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மூணாவது தடவை ஏறுன்னு உத்தரவு வந்திருச்சு. முப்பது பேருன்னு எழுதினா ஏறித்தான் ஆகணும். ஏறியிருந்தா பிடிச்சிருப்பேன். சந்தேகமே இல்லை. அம்பது பசங்களைக் குடுத்துட்டுப் பிடிச்சிருப்பேன். மேல இருக்கிறவங்க ஓடற ஆளுங்க இல்லை, அத்தனை பேரையும் கொன்னாத்தான் கிடைக்கும். ரெண்டு நாள்ல போர்நிறுத்தம்னு ரேடியோக்காரன் வரைக்கும் தெரியும். போர் நின்னா பழைய எல்லைப்படி குன்று திரும்ப அவங்களுக்குத்தான் போகும். ரெண்டு நாளைக்கு வச்சிருக்கப் போற குன்றுக்கு அம்பது பேரா? நூறுன்னு எழுதினா திட்டி அனுப்புவாங்க. நானூறுன்னா யோசிப்பாங்க. யோசிச்சாங்க."

இருபத்தாறு வருடம் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் தெருத்தெருவாக நானூறு நானூறு என்று சண்டை போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசியில் ஒன்று கேட்டார்: "அந்த வெள்ளைத்துணி கட்டினவன் பிழைச்சானா? கேட்டு எழுது."


ஆகஸ்ட் 7

தங்கைக்கு,

இப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். உன்னைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவன்.

பிழைத்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். ஒரு பாறைச்சில்லு நெற்றியைக் கிழித்துவிட்டது, அவ்வளவுதான். காயத்தைவிடக் கட்டு பெரிது.

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்கு லீவு விட்டுவிட்டேன். என் மனைவி, "லைசென்ஸ் கிடைக்காதவன் மாதிரி ஏன் மூஞ்சியை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஏன் என்று உனக்காவது சொல்கிறேன். பத்தாம் நாள் காலை மேலே நாங்கள் பன்னிரண்டு பேர். இரண்டு பெட்டித் தோட்டா, ஒன்பது கைகுண்டு. பத்து நிமிடம் தாங்கியிருப்போம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவன்கூட "இறங்கிடலாம் சார்" என்று கேட்கவில்லை. முகம் கழுவிக்கொண்டார்கள். ஒருவன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டான். விடிந்தது. நீங்கள் வரவில்லை. எட்டு மணி, பத்து மணி, மதியம். யாரும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எனக்குப் பிடித்த காரணத்தை வைத்துக்கொண்டேன். பயந்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு வருடமும் நினைவு நாளில் மேடையில் சொன்னேன். கைதட்டினார்கள். பதக்கம் கொடுத்தார்கள். என் பள்ளியின் பெயரே '216'. இப்போது பார்த்தால், நான் காப்பாற்றிய குன்று என்று ஒன்று இல்லை. உன் அப்பா எடுக்காமல் விட்ட குன்றுதான் இருக்கிறது.

மெஷின்கன் பிடித்த எங்கள் ஆள் 'மீசை', இப்போது டயர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "விட்டுக்குடுத்தானா? எவன் விட்டுக்குடுத்தான்? ரெண்டு நாளா நாம அடிச்ச அடியில விட்டான்" என்றான். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான். ஏறினால் ஐம்பது பேர் போவார்கள் என்று உன் அப்பா கணக்குப் போட்டாரே, அந்த ஐம்பது எங்களுக்குக் கொடுத்த மரியாதை. முதல் இரண்டு நாள் நாங்கள் அப்படி நின்றிருக்காவிட்டால் ஐந்து பேர்தான் போவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார், ஏறியிருப்பார்.

இருந்தாலும் ஒன்றை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்குச் சாகத் தயாராக இருக்கத் தெரிந்தது. கையில் இருந்த வெற்றியைக் கீழே வைத்துவிட்டு, தோற்றவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போய், இருபத்தாறு வருடம் வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்குத் தெரிந்திருக்காது. அதற்கு வேறு நெஞ்சு வேண்டும்.

இதைப் புத்தகத்தில் போடப் போகிறாயா? போட்டால் உன் அப்பா பொய்ச் செய்தி அனுப்பியவர் ஆவார். உத்தரவை மீறியவர். யோசித்துச் செய்.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் உரக்கப் படித்தேன். பித்தான் போட்டுக்கொண்ட ஆள் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். "நினைச்சேன். ஓடற ஆளுங்க இல்லைன்னு நினைச்சேன்" என்றார்.

புத்தகத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் காலத்துக்குப் பிறகு போடலாம் என்றேன் நான். ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள், துரோகி என்பார்கள், இந்த வயதில் எதற்கு என்றேன்.

"நான் இருக்கும்போதே போடு. செத்தப்புறம் போட்டா, திட்டறவனுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. நீ மறுபடியும் தெருத்தெருவாச் சண்டை போட்டுட்டு இருப்ப" என்றார்.

அவர்மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. வீட்டுக்குள்ளாவது சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு, "பதினஞ்சு வயசுல உன்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே பள்ளிக்கூடத்துல சொல்லியிருப்ப" என்றார். சொல்லியிருப்பேன்தான்.

அத்தியாயத்தை எழுதி முடித்து, நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பதிப்பகத்துக்கு அனுப்புமுன் நீங்கள் பார்க்கவேண்டும். உங்கள் பக்கத்திலும் இதனால் இழப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் நிறுத்திவிடுகிறேன்.

தங்கை


அக்டோபர் 16

தங்கைக்கு,

நான் மட்டும் முடிவு செய்யக்கூடிய காரியம் இல்லை இது. அதனால் அவர்களிடமே கேட்டுவிட்டேன்.

போன வாரம் நினைவு நாள். நகராட்சி மண்டபத்தில் இருநூறு நாற்காலி, பாதி நிறைந்திருந்தது. முன்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார். வழக்கமாகப் பேசுவதைப் பேசவில்லை. உன் அத்தியாயத்தின் கடைசி ஆறு பக்கத்தைப் படித்தேன். பீரங்கி நின்றது, ஸ்ட்ரெச்சர், நானூறு, எல்லாம். முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. மீசை எழுந்து வெளியே போனான். டயர் கடையில் என்னிடம் வாதாடியவன், மேடையிலிருந்து கேட்டதும் தாங்கவில்லை. அமைச்சகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி மைக்கைப் பிடிக்கப் பார்த்தார்.

அப்போது எங்கள் வயர்லெஸ்காரனின் அக்கா எழுந்தாள். தையற்கடை வைத்திருக்கிறாள். தாய் இல்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவன் ஒன்பதாம் நாள் காலை போனவன், பீரங்கி நிற்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். அவனுடைய பெட்டியையும் கைக்கடிகாரத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தவன் எங்கள் மருத்துவ உதவியாளன், அந்தக் கடைசிப் பன்னிரண்டு பேரில் ஒருவன். விசாரிக்க ஆறேழு தடவை போனான். பிறகு இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் மைக் வேண்டாம் என்றுவிட்டாள்.

"அந்தக் கர்னல் காலையிலேயே பைனாகுலரை எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?" என்றாள்.

உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனைக் காட்டினாள். "ஆனா பத்தாம் நாள் அவர் ஏறி வந்திருந்தா இந்த மனுஷன் இல்லை. என் மூணு பிள்ளைங்களும் இல்லை. அவருக்கு நீங்க எழுதறப்ப இதையும் எழுதுங்க. என் தம்பியைப் பத்திச் சொன்னதையும் விட்டுடாதீங்க. ரெண்டையும் எழுதணும்."

எழுதிவிட்டேன். புத்தகத்தைப் போடு.

மீசை வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எழுத்துப்பிழை இல்லாம போடச் சொல்லு" என்றான்.

அண்ணன்


நவம்பர் 8

அண்ணாவுக்கு,

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்தேன். தம்பியைப் பற்றி அந்த அக்கா கேட்ட வரி வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார். "நியாயமான கேள்வி. காலையில நான் பார்க்கவே இல்லை" என்றார். மேலே படிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. மருந்து கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு அவராகவே, "மிச்சத்தைப் படி" என்றார்.

மூன்று பிள்ளைகள் என்ற இடத்தில் காது கேட்கவில்லை என்றார். உரக்கப் படித்தேன். இன்னும் உரக்க என்றார். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள்.

பிறகு என் பேனாவை வாங்கி, காகிதத்தில் மூன்று கோடு போட்டார். "பேரு தெரியலையே. என்ன படிக்கிறாங்க, பெரியது பையனா பொண்ணா, ஒண்ணும் எழுதலையே உங்கண்ணன். கேட்டு எழுதச் சொல்லு" என்றார்.

அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். சீக்கிரம் எழுதுங்கள் அண்ணா.

தங்கை